முன்சக்கர விசை வண்டி: பழைய விரைவூர்தியைப் பேணலும் செலுத்தலும்

1. தோற்றுவாய்

மக்கள் விரும்பிப் போற்றும் பழம்பொருள்கள் பலவாம். நாணயமும் சுவடியும் ஓவியமும் பெட்டியினுள்ளோ சுவரின்மீதோ அமைந்து காண்பார்க்கு இன்பம் பயப்பன. அவற்றைப் பேணுவோன் பிழை செய்வானாயின் கெடுவது அப்பொருள் ஒன்றே. பழைய மோட்டார் வண்டியோ அத்தகையதன்று. அதனை உடையவன் அதனைத் தெருவிற் கொண்டுவந்து செலுத்துகின்றான்; அவன் அறியாமையால் வரும் கேடு அவனோடு நில்லாது, அயலே நடந்து செல்லும் குழந்தையையும் சாரக்கூடும். ஆதலின், இவ்வுடைமையை விரும்புவோர்க்கு ஆசையோடு அறிவும் வேண்டப்படும்.

பழைய வண்டிகளுள்ளும் ஒருவகையையே நாம் இங்கு ஆராயப் புகுந்தோம். சிறிய குடும்ப வண்டியின் உடலில் வன்மை மிக்க எஞ்சினைப் பொருத்தி, முன்சக்கரங்களைக் கொண்டே அதனை ஓடச் செய்து, மேலை நாடுகளில் 1960 முதல் 1990 வரையுள்ள காலத்திற் பலரும் காதலித்த விரைவூர்திகளே அவை. அவற்றின் அமைப்பு யாது, இயல்பு யாது, செலுத்துவோன் கடைப்பிடிக்க வேண்டுவன யாவை, பேணுவோன் முதலிற் பார்க்க வேண்டுவன யாவை என்னும் நான்கினையும் முறையே காண்பாம்.

2. இழுப்பதும் தள்ளுவதும்

நம் நாட்டு மாட்டுவண்டியை நோக்குக. மாடு முன்னின்று இழுக்கின்றது. வண்டி பின்னே தொடர்கின்றது. மாடு திரும்பிய பக்கம் வண்டியும் திரும்பும். பாரமேற்றிய கைவண்டியைப் பின்னின்று தள்ளுவோனுக்கோ அவ்வெளிமை இல்லை. முன்பக்கம் சிறிது விலகினால் அவன் தள்ளும் விசையே அவ்விலகலை மிகுவிக்கும். பின்சக்கரங்களால் ஓடும் மோட்டார் கைவண்டியை ஒத்தது. முன்சக்கரங்களால் ஓடுவது மாட்டுவண்டியை ஒத்தது. உவமை முற்றும் பொருந்தாதெனினும் தொடக்கத்திற்கு இது போதும்.

முன்சக்கர விசை புதியதொன்றன்று. பிரான்சு நாட்டுப் போர்ப்பொறியாளர் குன்யோ என்பார் ஏறக்குறைய 1770-இற் செய்த நீராவி வண்டிக்கு மூன்று சக்கரங்கள். அவற்றுள் முன்னிருந்த ஒற்றைச் சக்கரமே கொதிகலனின் பாரத்தைத் தாங்கி வண்டியையும் இழுத்தது. பாரிசு நகரத்துப் பொருட்காட்சிச்சாலையில் அவ்வண்டி இன்றும் காணப்படும். அங்ஙனமாகவும், பின்வந்த மோட்டார்களிற் பெரும்பாலன பின்சக்கரங்களாலேயே ஓடின. அதன் காரணம் யாதெனின், முன்சக்கரம் சுழலவும் வேண்டும், இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே செய்யவல்ல இணைப்பு எளிதில் வாய்க்காமையேயாம்.

பழைய ஹூக் இணைப்பு ஒன்றினை வளைத்துச் சுழற்றினால், உள்ளே செல்லும் தண்டு சீராகச் சுழன்றாலும், வெளியே வரும் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தளர்ந்தும் சுழலும். வளைவு 30 பாகையாயின், வேகம் நூற்றுக்கு 13 குறைந்தும் 15 மிகுந்தும் மாறிமாறி வரும். அத்துடிப்பு ஓட்டுவோன் கையிலும் பாயும், பற்களையும் தேய்க்கும். 1926-ஆம் ஆண்டையொட்டிப் பிரான்சில் கிரெக்வார், ஃபெனாய் என்னும் இருவர் ‘டிராக்டா’ என்னும் சமவேக இணைப்பை அமைத்தனர். அக்காலத்தையொட்டியே ரெஸ்பா என்பார், பள்ளங்களில் உருளும் ஆறு எஃகு உருண்டைகளைக் கொண்ட வேறொரு சமவேக இணைப்பைக் கண்டார். இன்று முன்சக்கர விசை வண்டிகளிற் பெரும்பாலனவற்றின் சக்கரத்தருகே சுழல்வது அவ்வுருண்டை இணைப்பின் வழிவந்ததேயாகும். 1934-இல் வெளிவந்து 1957 வரை செய்யப்பட்ட சிட்ரோயன் ‘டிராக்சியோன் அவான்’ ஏழரை இலட்சத்திற்கு மேற்பட்ட தொகையில் விற்பனையாகி, இவ்வமைப்பு யாவர்க்கும் உரியதே என்பதை நிறுவிற்று.

3. புகழ்பெற்ற சில வண்டிகள்

1959-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தில் மினி என்னும் சிறுவண்டி வெளிவந்தது. அதனை வகுத்தவர், ஸ்மிர்னா நகரிற் பிறந்த அலெக் இசிகோனிஸ் என்பார். பத்தடியளவே நீளமுள்ள அவ்வண்டியில் நால்வர் அமர இடங்கண்ட அவர் சூழ்ச்சி வியத்தற்குரியது. எஞ்சினைக் குறுக்கே வைத்தார். கியர்ப்பெட்டியை அதன் அடியிலேயே அமைத்து, இரண்டிற்கும் ஒரே எண்ணெயை உரியதாக்கினார். சக்கரங்களைப் பத்தங்குல விட்டமுடையனவாகக் குறுக்கினார். சிக்கனத்திற்கென அமைந்த அச்சிறுவண்டி வளைவுகளில் நிலத்தைப் பற்றிச் செல்லும் திறனைக் கண்ட ஜான் கூப்பர் என்பார், அதற்கு வன்மை ஊட்டலாமென எண்ணினர். 1961-இல் மினி கூப்பரும், 1963-இல் 1071 கன சென்டிமீட்டர் எஞ்சினோடு கூப்பர் எஸ் என்பதும் தோன்றின.

பனியும் மலையும் நிறைந்த வழியில் நடைபெறும் மாண்டிகார்லோ நெடும்பந்தயத்தில், 1962, 1963 ஆகிய ஈராண்டும் எரிக் கார்ல்சன் சாப் வண்டியில் வென்றார்; 1964-இல் பேடி ஹாப்கிர்க்கும், 1965-இல் டிமோ மாகினனும், 1967-இல் ரௌனோ ஆல்டோனனும் மினியில் வென்றனர். 1966-இல் முதல் மூன்றிடமும் பெற்ற மினிகள் முகவிளக்குகளைப் பற்றிய விதியைக் காட்டி நீக்கப்பட்டன; பரிசு சிட்ரோயனுக்குச் சென்றது. அச்சிட்ரோயனும் முன்சக்கர விசை வண்டியே என்பது கருதத்தக்கது. எஞ்சினின் பாரம் இழுக்கும் சக்கரங்களின் மேலேயே அமர்தலின், வழுக்கும் பனியில் இவ்வகை வண்டிகள் பெருவலி படைத்தவற்றையும் முந்தின.

ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்துப் பொறியாளர் சிலர், மேலிடத்தின் முறையான கட்டளைக்குக் காத்திராது தொடங்கிய முயற்சியின் விளைவே கோல்ஃப் ஜிடிஐ. 1975-இற் பிராங்க்பர்ட் கண்காட்சியிற் காட்டப்பட்டு, 1976-இல் விற்பனைக்கு வந்தது. எஞ்சின் 1588 கன சென்டிமீட்டர். வலி 110 குதிரை. எடை 800 கிலோவை ஒட்டியது. உச்ச வேகம் மணிக்கு ஏறக்குறைய 180 கிலோமீட்டர். ஐயாயிரம் வண்டிகள் விற்றாற் போதுமென எண்ணித் தொடங்கினர். முதல் தலைமுறை மட்டும் நான்கரை இலட்சத்திற்கு மேல் விற்றது.

1984-இற் பிரான்சில் வந்த பியூஜோ 205 ஜிடிஐ அவ்வழியிற் சிறந்து நின்ற மற்றொன்று. முதலில் 1580 கன சென்டிமீட்டரும் 105 குதிரை வலியும் உடையதாயிருந்து, பின்னர் 1905 கன சென்டிமீட்டரும் 130 குதிரை வலியும் உடையதொன்றும் சேர்ந்தது. எடையோ 900 கிலோவை ஒட்டியதே. இவ்வண்டியைப் புகழ்ந்தாரும் அஞ்சினாரும் பலர். புகழ்ச்சிக்கும் அச்சத்திற்கும் காரணம் ஒன்றே என்பதை இனிக் காண்பாம்.

4. முன்பாரமும் பின்பாரமும்

வண்டியோட்டும் நம் உழவர் மூட்டை ஏற்றும்பொழுது முன்பாரம் பின்பாரம் பார்த்து ஏற்றுவர். முன்பாரம் மிகுந்தால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும். அவர் ஏற்றிய மூட்டை ஏற்றிய இடத்திலேயே கிடக்கும். மோட்டாரிலோ பாரம் ஒவ்வொரு நொடியும் இடம் மாறுகின்றது. இதனை உணராதவன் எத்துணை ஆண்டு ஓட்டினும் ஓட்டக் கற்றவனாகான்.

ஒரு கணக்கை நோக்குவோம். வண்டியின் எடை 900 கிலோ; முன்னச்சிற்கும் பின்னச்சிற்கும் இடையே 2.42 மீட்டர், எடையின் நடுப்புள்ளி நிலத்திலிருந்து அரை மீட்டர் உயரத்தில் உள்ளது எனக் கொள்வோம். அசையாது நிற்கும்பொழுது முன்னச்சின்மேல் 560 கிலோவும், பின்னச்சின்மேல் 340 கிலோவும் இருக்கும். உலர்ந்த சாலையில் பிரேக்கை வலிதாக மிதிக்கின்றோம். புவியீர்ப்பு வேகவளர்ச்சியில் பத்தில் எட்டுப் பங்கு வேகத்தளர்ச்சி உண்டாகின்றது. அப்பொழுது ஏறக்குறைய 150 கிலோ பாரம் பின்னிருந்து முன்னுக்கு மாறும். முன்னே 710, பின்னே 190. அஃதாவது பின்சக்கரம் ஒவ்வொன்றும் நூறு கிலோவிற்கும் குறைந்த பாரத்தோடு நிலத்தைத் தொட்டும் தொடாததுபோற் செல்லும்.

டயரின் பிடிப்புக்கும் ஓரெல்லை உண்டு. அஃது ஒருவன் கையிலுள்ள மாதச் சம்பளத்தைப் போன்றது. முடுக்குதற்கும் நிறுத்துதற்கும் திருப்புதற்கும் அவ்வொரு பணத்திலிருந்தே செலவிட வேண்டும். திருப்புதற்கே முழுவதும் செலவிட்டவனுக்கு முடுக்குதற்கு ஒன்றும் எஞ்சாது. பின்சக்கர விசை வண்டியில் இச்செலவு நான்கு சக்கரங்களுக்கும் ஓரளவு பகிரப்படும். முன்சக்கர விசை வண்டியிலோ இழுத்தலும், திருப்புதலும், நிறுத்தலின் பெரும்பகுதியும் முன்னிரு சக்கரங்களின் தலையிலேயே விழுகின்றன. எனவே, அச்சக்கரங்களின்மேல் ஒரே காலத்தில் இருவேலை சுமத்தாமையே இவ்வண்டியை ஓட்டும் கலையின் சாரம்.

வளைவின் கணக்கு இன்னும் கடுமையானது. 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திற் செல்ல, வண்டியின் எடையில் 57 விழுக்காட்டளவு பக்கப் பிடிப்பு வேண்டும். அவ்வளைவிலேயே 80 கிலோமீட்டர் வேகத்திற் சென்றால், எடைக்கு நிகரான பிடிப்பு வேண்டும். சாலைக்குரிய பொதுவகை டயர் அதனை அளித்தல் அரிது. வேகம் மூன்றிலொரு பங்கே கூடிற்று. தேவையோ முக்காற் பங்கிற்கு மேற் கூடிற்று. மழையில் நனைந்த சாலை எடையிற் பாதியளவே பிடிப்புத் தருமாயின், அவ்வளைவின் எல்லை மணிக்கு 56 கிலோமீட்டர். அதற்கு மேற் செல்வோனை எந்தத் திறமையும் காவாது.

5. வளைவில் நேரும் இருவகைப் பிழை

முதற்பிழை, முன்பக்கம் திரும்ப மறுத்தல். வளைவினுள் மிகு வேகத்தோடு புகுந்தாலும், வளைவின் நடுவே ஆக்ஸிலேட்டரை அழுத்தினாலும், முன்டயர்கள் தம் எல்லையைக் கடந்து நேரே வழுக்கிச் செல்லும். ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி வெளிப்புறமே சாரும். அஞ்சியவன் ஸ்டியரிங்கை இன்னும் திருப்புவான். அஃது அடகு வைத்தவன் மீண்டும் கடன் கேட்பதை ஒக்கும். செய்யத்தக்கது, காலை மெல்லத் தளர்த்திச் சிறிது பொறுத்தலேயாம். வேகம் குறையக் குறைய முன்டயர்கள் மீண்டும் பற்றும். இப்பிழை அஞ்சத்தக்கதாயினும் வஞ்சகமானதன்று. முன்னதாகவே கைக்குச் செய்தி தரும்.

இரண்டாம் பிழை வஞ்சகமானது. வளைவினுள் எல்லையை ஒட்டிச் செல்லும் ஒருவன், எதிரே ஒன்றைக் கண்டு திடுக்கிட்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை முற்றும் எடுத்துவிடுகின்றான். அதுவரை முடுக்கத்தாற் பின்னே சாய்ந்திருந்த பாரம் ஒரு நொடியில் முன்னே பாய்கின்றது. மேற்கூறிய வண்டியில் மெல்லிய முடுக்கத்திலிருந்து எஞ்சின் தடைக்கு மாறும் அவ்வொரு செயலால், ஏறக்குறைய 65 கிலோ பாரம் இடம் மாறும். பின்னச்சின்மேல் நின்ற ஓர் ஆள் முன்னச்சின்மேல் தாவினாற் போலாம். முன்டயர்கள் புதிதாகப் பற்றுகின்றன. பின்டயர்கள் பிடிப்பிழந்து வெளியே வீசப்படுகின்றன. வண்டியின் வால் தலையை முந்த முயல்கின்றது. காலை எடுத்ததோடு பிரேக்கையும் மிதிப்பானாயின், பின்சக்கரங்களில் எஞ்சியிருந்த சிறு பாரமும் நீங்க, வண்டி சுழன்றுவிடும்.

205 ஜிடிஐ வண்டிக்கு வந்த அச்சம் இதனாலேயே. எடை குறைவு, அச்சிடை குறுகியது, பின்பக்கம் இலேசானது. தேர்ந்தவன் கையில் இவ்வியல்பே நன்மையாகும். காலைச் சிறிதளவு தளர்த்த வண்டியின் மூக்கு வளைவின் உட்புறம் நோக்கித் தானே திரும்பும். தேராதவன் கையில் அதுவே கேடாகும். கத்தியின் கூர்மையைப் புகழ்ந்தாரும் அஞ்சினாரும் ஒரே கூர்மையைக் குறித்தே பேசினர் என்க.

இங்கு மாணவர் உள்ளத்திற் பதிக்க வேண்டுவதொன்று உண்டு. அஞ்சியபொழுது காலைப் பின்வாங்குதல் மனித இயற்கை. நடக்கும்பொழுது பாம்பைக் கண்டவன் அங்ஙனமே செய்து பிழைக்கின்றான். இவ்வண்டியில் அவ்வியற்கையே அவனைக் கெடுக்கின்றது. ஆதலின் அச்சம் வந்தபின் சிந்தித்துப் பயனில்லை. அச்சம் வாராத வேகத்தோடு வளைவினுட் புகுதலே அறிவு. தப்பித்தவறி வால் வீசப்படுமாயின், பிரேக்கைத் தொடாது, செல்ல விரும்பும் திசையில் கண்ணை வைத்து, வால் செல்லும் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பி, ஆக்ஸிலேட்டரை மெல்லத் தொட வேண்டும்; முன்சக்கரங்கள் வண்டியை இழுத்து நேராக்கும். சொல்லுதல் எளிது, பொதுச்சாலையில் இதனைப் பயிலுதல் கூடாது. அடைத்த மைதானத்தில், நீர் தெளித்த தரையில், ஆசிரியர் ஒருவரின் துணையோடு பயில்வதே தக்கது.

6. செலுத்தும் முறை

மேற்கூறியவற்றிலிருந்து ஒழுங்குகள் சில தாமே புலனாகும்.

வேகக் குறைப்பு முழுவதும் வளைவிற்கு முன்னரே, ஸ்டியரிங் நேராக இருக்கும்பொழுதே முடிதல் வேண்டும். கியர் மாற்றமும் அப்பொழுதே முடிதல் வேண்டும். வளைவினுள் ஆக்ஸிலேட்டரைச் சீராக வைத்திருத்தல் வேண்டும். வண்டி வேகம் கூடாமலும் குறையாமலும் செல்லும் அளவே போதும். வளைவின் முடிவு கண்ணிற்குத் தெரிந்து, ஸ்டியரிங் நேராகத் தொடங்கிய பின்னரே முடுக்குதல் தகும். மெல்லப் புகுந்து விரைந்து வெளிவருவோன், விரைந்து புகுந்து தடுமாறுவோனினும் முன்னதாகவே சேருமிடம் சேர்வான்.

வலிய எஞ்சினை முன்சக்கரங்களோடு இணைத்தவிடத்து, முடுக்கும்பொழுது ஸ்டியரிங் தானே ஒருபுறம் இழுப்பதுண்டு. எஞ்சின் குறுக்கே அமைந்து கியர்ப்பெட்டி ஒருபுறம் ஒதுங்குதலின், இடவலத் தண்டுகள் நீளம் ஒவ்வாதனவாய், வெவ்வேறு கோணத்தில் விசையைச் செலுத்துதல் அதற்கொரு காரணம். கையை இறுகப் பிடித்துப் போராடுதல் வேண்டா. காலைச் சிறிது தளர்த்தினாற் போதும். அவ்விழுப்பு முன்னில்லாது புதிதாகத் தோன்றுமாயின், அது தேய்ந்த புஷ்ஷையோ, காற்றுக் குறைந்த டயரையோ அறிவிக்கும் தூது எனக் கொள்ளுதல் வேண்டும்.

எண்ணெய் சூடேறுமுன் எஞ்சினை உச்சச் சுழற்சிக்குக் கொண்டு செல்லலாகாது. நீர் சூடேறியதை முள் காட்டிய பின்னரும் எண்ணெய் சூடேறச் சில நிமிடம் செல்லும். இவை பந்தயத்திற்குப் புகழ்பெற்ற வண்டிகளாயினும், அவற்றை நெடுங்காலம் வாழச் செய்வோர் முதற் பத்து நிமிடங்களில் முதியோரைப் போலவே ஓட்டுவர்.

7. பேணும் முறை

இத்தகைய வண்டியொன்று நம் கைக்கு வந்ததாகக் கொள்வோம். வண்ணம் பளபளக்கின்றது; ஒலி இனிதாக இருக்கின்றது. முதலில் எதனைப் பார்ப்பது? உயிரைக் காப்பவற்றை முதலிலும், ஓட்டத்தைத் தருபவற்றை அடுத்தும், அழகைத் தருபவற்றை இறுதியிலும் பார்த்தல் முறை. பெரும்பாலோர் இம்முறையைத் தலைகீழாக்கியே பொருளிழக்கின்றனர்.

துருவே முதற்பகை. குளிர்நாடுகளிற் பனியை உருக்கச் சாலையில் உப்பிடுவர். அவ்வுப்புநீர் கதவின் கீழுள்ள இரும்புப் பெட்டகங்களிலும், தரைத்தகட்டிலும், ஸ்பிரிங் தாங்கும் இடங்களிலும் புகுந்து அரிக்கும். மேலே புதுவண்ணம் பூசி அடியிலுள்ள அரிப்பை மறைத்தல் எளிது. தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தல் வேண்டும். ஈரமிருப்பின் ஐயுறுதல் வேண்டும். எஞ்சினை மாற்றலாம், உடல் அழுகிய வண்டியை மீட்பது அவ்வளவு எளிதன்று.

அடுத்தது பிரேக். அதனுள் இருக்கும் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுமியல்பினது. நான்காம் தரத் திரவம் புதியதாயின் 230 பாகைக்குக் குறையாத வெப்பத்திலன்றிக் கொதியாது. ஈரம் ஏறிய பின்னரோ அவ்வளவு 155 பாகையாகக் குறையக்கூடும். மலையிறக்கத்தில் அது கொதித்து ஆவியாகுமேல், மிதி தரையைத் தொடும், வண்டி நில்லாது. வண்டி ஓடினும் ஓடாவிடினும் ஈராண்டிற்கு ஒருமுறை அத்திரவத்தை மாற்றுதல் வேண்டும். பழைய ரப்பர்க் குழாய்களையும் உடன் நோக்குதல் வேண்டும்.

மூன்றாவது டயர். ஆண்டிற்குச் சில நாளே ஓடும் வண்டியின் டயர் தேயாது, ஆயினும் முதிரும். பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும், பின்னிரண்டு ஆண்டையும் காட்டும். 1519 என்றிருப்பின் 2019-ஆம் ஆண்டின் பதினைந்தாம் வாரத்திற் செய்தது. பள்ளங்கள் ஆழமாயிருப்பினும், ரப்பர் இறுகிப் போன டயர் மழையிற் பற்றாது. இரு புதிய டயர் மட்டும் வாங்குவோர், இழுப்பவை முன்சக்கரங்களாதலின் அங்கேயே அவற்றை இடுதல் முறையென எண்ணுவர். அஃது பிழை. முன்பக்கம் வழுக்குதலினும் பின்பக்கம் வழுக்குதலே கொடியதென மேலே கண்டோம். ஆதலின் நல்ல டயர்கள் பின்னேயே இருத்தல் வேண்டும்.

நான்காவது தீக்காப்பு. இவ்வண்டிகளிற் பல, பெட்ரோலை அழுத்தத்தோடு செலுத்தும் பீச்சு முறையின. பழைய ரப்பர்க் குழாய் வெடித்தால், சூடேறிய எஞ்சின்மேல் எரிபொருள் பீறிடும். 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் பொதுவகைப் பெட்ரோலில் பத்து விழுக்காடுவரை எதனால் கலக்கப்படுகின்றது. பழைய குழாய்களையும் அடைப்பான்களையும் அது கெடுக்கக்கூடும். எதனாலைத் தாங்கவல்ல புதுக்குழாய்களை இடுதல் சிறுசெலவே.

ஐந்தாவது, இவ்வகைக்கே உரிய உறுப்புகள். சமவேக இணைப்பை மூடிய ரப்பர்ப் பை கிழிந்தால், உள்ளிருக்கும் மசகு வெளியேறி மண் உட்புகும். ஸ்டியரிங்கை முழுதும் திருப்பி மெல்லச் செல்லும்பொழுது ‘டக் டக்’ என ஒலித்தால், இணைப்பு தேய்ந்ததென அறிக. பையை உரிய காலத்தில் மாற்றியிருந்தால் இணைப்பு பிழைத்திருக்கும். 205 வண்டியின் பின்பக்கத்தை முறுக்குக் கம்பிகளும், ஊசிபோன்ற உருளைப் பேரிங்குகளும் தாங்குகின்றன. அப்பேரிங் தேயின் பின்சக்கரங்களின் மேற்பகுதி உட்புறம் சாயும். பின்னே நின்று நோக்கின் கண்ணுக்கே புலனாகும். பின்பக்கத்தின் நம்பிக்கையே இவ்வண்டியின் உயிராதலின், இச்சாய்வைக் கண்டும் ஓட்டுதல் தகாது.

டைமிங் பெல்ட் என்பது உள்ளே மறைந்திருந்து வால்வுகளை இயக்கும் பற்பட்டை. பல எஞ்சின்களில் அஃது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் பாழாம். ஓடிய தூரம் குறைவெனினும், ஆண்டு பல சென்றதாயின் மாற்றுதல் வேண்டும். மாற்றிய நாளை அறிவிக்கும் சீட்டு இல்லையேல், மாற்றப்படவில்லை என்றே கொள்ளுதல் நலம்.

தாமே பழுதுபார்க்க விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை. ஜாக்கியால் மட்டும் தூக்கிய வண்டியின் அடியில் ஒருபொழுதும் புகற்க. உறுதியான தாங்கிகளைச் சமதரையில் வைத்து, வண்டியை அவற்றின்மேல் இறக்கி, அசைத்துப் பார்த்த பின்னரே புகுதல் வேண்டும்.

8. சட்டமும் கடமையும்

பிரிட்டனில் 2018 மே மாதம் முதல், நாற்பதாண்டு கடந்ததும் பெருமாறுதல் செய்யப்படாததுமான வண்டிகட்கு ஆண்டுதோறும் நடக்கும் தகுதிச் சோதனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. 1976-இன் கோல்ஃப் அவ்வெல்லையைக் கடந்து பல்லாண்டாயின. 1984-இன் 205 வண்டிகளும் இப்பொழுது கடந்துள்ளன. ஆயினும், வண்டியைத் தகுதியோடு வைத்திருக்கும் கடமையிலிருந்து சட்டம் எவரையும் விலக்கவில்லை. ஜெர்மனியில் முப்பதாண்டு கடந்த, பழைய நிலை கெடாத வண்டிக்குத் தனி எழுத்துள்ள எண்பலகை வழங்குவர். சோதனையோ தொடர்ந்து நடைபெறும்.

சோதனை இல்லாத இடத்திலேதான் மனச்சான்று சோதிக்கப்படுகின்றது. துரு சட்டத்தை அறியாது. பிரேக்குத் திரவம் விலக்கை அறியாது. ஆகவே விலக்குப் பெற்ற வண்டியையும் ஆண்டிற்கு ஒருமுறை தேர்ந்த தொழிலாளர் ஒருவரிடம் காட்டி, அவர் கூறுவதைச் செவிமடுத்தல் உடையவன் கடமையாம்.

வேறொன்றும் ஒளியாது கூறுதல் வேண்டும். இவ்வண்டிகள் இலேசாக இருத்தற்கு ஒரு காரணம், இக்காலத்து வண்டிகளிலுள்ள காப்புகள் இவற்றில் இல்லாமையே. ஐரோப்பாவில் புதுவண்டிகளை மோதவிட்டுச் சோதித்து முடிவுகளை வெளியிடும் யூரோ என்காப் முறை 1997-இற்றான் தொடங்கியது. நாம் கூறியவை அதற்கு முற்பட்ட வகுப்பின. காற்றுப் பை இல்லை. தொடக்கக் காலத்தனவற்றிற் சக்கரம் பூட்டாது காக்கும் பிரேக்கும் இல்லை. எந்த இலேசு நம்மை மகிழ்விக்கின்றதோ, அந்த இலேசே மோதலில் நம்மைக் கைவிடும்.

9. முடிவுரை

அங்ஙனமாயின் இவற்றை விட்டொழிப்பதன்றோ அறிவு எனின், அன்று. இக்காலத்து வண்டி ஓட்டுவோனின் பிழைகளைத் தானே திருத்தி, அவன் பிழை செய்ததையே அவனுக்கு அறிவியாது விடுகின்றது. பழைய வண்டியோ ஒன்றையும் மறைப்பதில்லை. சாலை நனைந்ததைக் கை அறியும். பாரம் மாறியதை உடல் அறியும். தன் பிழையைத் தான் அறிவான். பள்ளியில் இயக்க விதிகளை ஏட்டிற் பயின்றவன், அவ்விதிகள் தன் காலடியில் நிகழ்வதை இங்குக் காண்கின்றான். இதனினும் சிறந்த பௌதிக ஆசிரியன் அரிது.

ஆயினும் அவ்வாசிரியனிடம் பயில்வோன் இரு காணிக்கை செலுத்துதல் வேண்டும். ஒன்று, வண்டி நின்றிருக்கும் நாளில் அதன் அடியைக் குனிந்து நோக்கும் பொறுமை. மற்றொன்று, அது ஓடும் நாளில் வளைவிற்கு முன்னரே வேகத்தைக் குறைக்கும் அடக்கம். இவ்விரண்டும் உடையானுக்கு இவ்வண்டி இன்பம் தரும். இவ்விரண்டும் இல்லானுக்கு எவ்வண்டியும் தகாது. இதனை உளங்கொண்டு செலுத்துவோர் தாமும் இனிதே மீண்டு, வழியிற் செல்வாரையும் இனிதே வீடு சேர விடுவர்.